தராசு முகத்த கொஞ்சம் எங்க பக்கம் திருப்புங்க: தேடல் லைப்ரரி கோர் டீமுக்கு ஒரு திறந்த மடல்

கோர் டீம்ல இருக்கிற அண்ணன்மாருக்கும் அக்காமாருக்கும் வணக்கம்.

இலங்கை மலையகத்து ஹட்டன்ல இருந்து எழுதுறேன். எங்க மாதிரி ஆக்கள் தங்களோட புரோகிராமுக்குள்ள சேத்துப் பாவிக்கிற தேடல் கோட்தான் உங்க லைப்ரரி, அதோட பேர இதுல போடல, போட்டா விஷயத்த விட்டுட்டு எல்லாரும் சண்டைய வேடிக்கை பாக்க வந்துருவாங்க. உங்களுக்கு வாசிச்ச ஒடனே வெளங்கிரும், அது போதும். நீங்க எல்லாரும் தமிழ் ஆக்கள்ங்கிறதால தமிழ்லயே எழுதுறேன், உங்க தேடல் உள்ள எவ்வளவு வேல செய்யுதுன்னு நாங்களே எண்ணிப் பாக்கிற மாதிரி கோட்ல ரெண்டு மூணு எடத்த தொறந்து விடுங்கன்னு இங்கிலீஷ்ல ரெண்டு தடவை கேட்டு ரெண்டு தடவையும் "இது உள் விஷயம், வெளிய தெறக்க மாட்டோம்"னு ஒத்த வரியில மூடிட்டீங்க, சரி நம்ம பாஷையில நீட்டிச் சொல்லிப் பாப்போம்னு தோணிச்சு.

மொதல்ல நாங்க என்ன செய்யுறோம்னு சொல்லிர்றேன். நாங்க நாலு பேரு, எல்லாரும் தோட்டத்துப் பிள்ளைங்க, பகல்ல வேற வேல. ராத்திரியில மலையகத்துப் பழைய ஆக்களோட பேச்சுப் பதிவுகள எழுத்தாக்கி தேடுற மாதிரி வச்சிருக்கோம். லயத்துல இருந்து, காலையில வேலைக்குப் பேர் குடுக்கிற பெரட்டுக்களத்துல இருந்து, கவாத்து வெட்டுன தாத்தாமாரு, கொழுந்து எடுத்த அம்மாமாரு பேசுனது. சின்னச் சின்னத் துண்டா வெட்டி, துண்டுக்கு ஒரு வெக்டர் (அதோட அர்த்தத்த எண் வரிசையா எழுதுனது), மொத்தம் மூணு லட்சம் கிட்ட இருக்கு.

சாதாரண சொல் தேடல் எங்களுக்கு ஏன் சரிவரலன்னா, ஒரே ஊர ஒருத்தர் ஹட்டன்ம்பாரு இன்னொருத்தர் அட்டன்ம்பாரு, நுவரெலியாவ நூரளைன்னு சொல்ற கெழவங்க இன்னும் இருக்காங்க. அதக்கூட ஒரு பட்டியல் போட்டு சமாளிச்சிரலாம். ஒரு அம்மா "அரைப்பேரு போட்டுட்டாங்க"ன்னு சொல்லியிருப்பாங்க, தேடுற பொடியன் "பாதி சம்பளம் வெட்டுனாங்க"ன்னு டைப் பண்ணுவான், ரெண்டுலயும் ஒரு சொல்லு கூட ஒண்ணா இல்ல, விஷயம் ஒண்ணு. இதுக்குத்தான் வெக்டர். (மொதல்ல வெக்டர் செய்யுற எங்க மாடலுக்கு அரைப்பேருன்னா என்னான்னே தெரியல, ஆளோட பேரு சம்பந்தமான துண்டுகளா தூக்கிக் குடுத்துச்சு, நாங்களே உக்காந்து சோடி சோடியா வாக்கியம் எழுதிப் பழக்குனோம், அது வேற கத.)

இப்ப பிரச்சினைக்கு வாறேன். ஒரு பள்ளிக்கூடத்துல காட்டப் போனோம். புரொஜெக்டர் போட்டு, சுவர்ல வெள்ளத் துணி கட்டி, பிள்ளைங்க கேக்கக் கேக்க தேடிக் காட்டுனோம், எல்லாம் டக்கு டக்குன்னு வந்துச்சு. ஒரு பொம்பளப் புள்ள எழும்பி "சேர், பதுளை மாவட்டம் மட்டும் காட்டுங்க, எங்க அம்மம்மா அந்தப் பக்கம்"னு சொன்னிச்சு. மாவட்ட ஃபில்டர போட்டு அமத்துனேன். வட்டம் சுத்துது. சுத்துது. சுத்துது. டீச்சர் மெதுவா "கரண்ட் போயிருச்சா தம்பி?"ன்னு கேட்டாங்க, புரொஜெக்டர் எரிஞ்சிக்கிட்டுத்தான் இருக்கு. ஒன்பது செக்கனுக்குப் பொறகு ரிசல்ட் வந்துச்சு, அதுக்குள்ள பிள்ளைங்க பாதிப் பேரு வெளிய பஸ் போறத பாக்க ஆரம்பிச்சிட்டாங்க.

வீட்டுக்கு வந்து, சேர்வர் எழுதி வச்ச லொக் ஃபைல தொறந்தா மொத்த நேரம் 9,140 மில்லிசெக்கன்னு இருக்கு. எதுக்கு எவ்வளவு நேரம் போச்சுன்னு காட்டுற உங்க புரொஃபைலர ஓட விட்டேன். அது சொல்லுது, ஸ்கோரிங்குக்கு (ரிசல்ட்டுக்குப் புள்ளி போடுறதுக்கு) 3 மில்லிசெக்கன். அப்ப மிச்சம் 9,137 எங்க போச்சு? புரொஃபைலர்ல அதுக்கு ஒரு வரி கூட இல்ல.

உள்ள போய்ப் பாத்தப்பதான் வெளங்குச்சு, இத வாசிக்கிற மத்த தமிழ் பொடியன்மாருக்காகவும் எழுதுறேன். உங்க லைப்ரரி லூசீன்ங்கிற திறந்த மூலத் தேடல் லைப்ரரி மேல கட்டுனது. லூசீன்ல 2021 டிசம்பர்ல வந்த 9.0 பதிப்புலதான் வெக்டர் தேடல் உள்ள வந்துச்சு, எச்என்எஸ்டபிள்யூங்கிற கிராஃப (கிட்டக் கிட்ட உள்ள வெக்டர்கள இணைச்ச வலைய) வச்சு. அதுல ஒரு விசேஷம் என்னான்னா, சாதாரண கேள்வி மாதிரி இது ஸ்கோர் போடுற கட்டத்துல வேல செய்யாது. அதுக்கு முன்னாடி, கேள்விய மாத்தி எழுதுற ரீரைட் கட்டத்துலயே முழு வேலையும் முடிஞ்சிரும். லூசீன் ஆவணங்கள செக்மென்ட்டுன்னு பகுதி பகுதியாப் பிரிச்சு வைக்கும், ஒவ்வொரு செக்மென்ட்டுக்கும் தனித்தனி கிராஃப், ஒவ்வொண்ணுலயும் போய்த் தேடி, கெடச்ச நல்லதுகள எல்லாம் ஒண்ணாக் கலந்து, கடைசியில ஆவணத்தோட (எங்களுக்கு ஒரு துண்டுதான் ஒரு ஆவணம்) நம்பரும் புள்ளியும் மட்டும் இருக்கிற ஒரு குட்டிக் கேள்வியா மாறிரும். புரொஃபைலர் பாக்கிறது அந்தக் குட்டிக் கேள்விய. அது எழுதி வச்சத எடுத்து நீட்டுறது மட்டும்தான், அதுக்கு 3 மில்லிசெக்கனே கூடத்தான்.

ஆனா கவனிங்க, கணக்கு இல்லாம இல்ல! ஒவ்வொரு செக்மென்ட்டும் தன்னோட ரிசல்ட்ட குடுக்கிறப்ப, கூடவே டோட்டல் ஹிட்ஸ்ங்கிற எடத்துல எத்தன வெக்டர தொட்டுப் பாத்தேன்ங்கிற எண்ணிக்கையையும் எழுதித்தான் குடுக்குது. கலக்குற எடத்துல எல்லாத்தையும் கூட்டியும் வச்சிருது. அடுத்த வரியில அந்தக் குட்டிக் கேள்விய செய்யுறப்ப அந்த நம்பர தூக்கி எறிஞ்சிர்றீங்க.

எங்கம்மா முப்பது வருஷம் கொழுந்து எடுத்தாங்க. பின்னேரம் நிறுவைக்கு வந்து வரிசையில நிப்பாங்க. தராசு முகம் கணக்கப்பிள்ளை பக்கம் இருக்கும், அவரு பாத்து, கூடைக்கு இத்தன, ஈரத்துக்கு இத்தனன்னு மனசுக்குள்ளயே கழிச்சிட்டு ஒரு நம்பர எழுதுவாரு. 21ன்னா 21. முள்ளு எங்க நின்னுச்சு, எவ்வளவு கழிச்சாங்கன்னு கேட்டா "எழுதுனது எழுதுனதுதான்"ம்பாங்க. முள்ளு இருக்கு, அளந்தும் ஆச்சு, ஆனா நமக்குக் காட்ட மாட்டாங்க. உங்க கோட்ல இந்த வேலைய செய்யுற கிளாஸ தொறந்து பாத்தப்ப சத்தியமா அந்த நிறுவைக் கொட்டில்தான் ஞாபகம் வந்துச்சு. கோவிச்சிக்காதீங்க, நீங்க ஒண்ணும் களவெடுக்கல. நான் சொல்றது தராசு முகம் எந்தப் பக்கம் திரும்பி இருக்குங்கிறத மட்டும்தான்.

லூசீன்ல அந்தக் கலக்குற மெதட், மேர்ஜ் லீஃப் ரிசல்ட்ஸ், புரொடெக்டட்னு, அதாவது அந்தக் கிளாஸ நீட்டி எழுதுறவங்க மாத்தலாம்னு, தொறந்து இருக்கு. யாரு வேணும்னாலும் அந்தக் கிளாஸ நீட்டி, அந்த ஒத்த மெதட்ட மட்டும் மேல எழுதி, கூட்டுன நம்பர எடுத்துக்கிட்டு ரிசல்ட்ட அப்படியே திருப்பிக் குடுத்துரலாம். லூசீன் மேல கட்டுன இன்னொரு தேடல் எஞ்சின் எலாஸ்டிக்சேர்ச், அது அந்த வழியாத்தான் தன்னோட புரொஃபைல்ல வெக்டர் எண்ணிக்கைய காட்டுது. நீங்க என்ன செஞ்சிருக்கீங்கன்னா லூசீனோட அந்தக் கிளாஸ பாத்து உங்க சொந்தக் கிளாஸா எழுதுனப்ப, மெதட்ட பிரைவேட் ஆக்கி (வெளிய யாரும் தொட ஏலாது), கிளாஸுக்கு ஃபைனலையும் (யாரும் நீட்ட ஏலாது) போட்டுட்டீங்க. அவங்க தொறந்து வச்ச கதவுக்கு நீங்க பூட்டுப் போட்டு, சாவிய தேயிலைக்குள்ள வீசிட்டீங்க.

நாங்க சும்மா இருக்கல, எல்லாக் கூத்தும் ஆடிப் பாத்தோம். ரிஃப்ளெக்‌ஷன் போட்டோம், பூட்டுன கோட ஓடுறப்ப உள்ள கைய விட்டுத் தொடுற வழி அது, ஜாவாவுல கோட அடைச்சு வைக்கிற மொடியூல் எல்லை மறிச்சிருச்சு. உங்க பேக்கேஜ் பேர்லயே எங்க ஃபைல போட்டு உள்ள நுழையலாம்னு பாத்தோம், அந்தக் குறுக்கு வழி ஜாவா 9ல மொடியூல் வந்ததோட செத்துருச்சு, ஒரே பேக்கேஜ் ரெண்டு மொடியூல்ல இருந்தா ஓடவே மாட்டேங்குது. கடைசியில உங்க மூணு கிளாஸ அப்படியே கொப்பி அடிச்சு, பேர மாத்தி, நாலு வரி சேத்தோம். நாலு வரிக்காக அறுநூறு வரி கொப்பி!

ஆனா அந்த நாலு வரி என்ன காட்டுச்சு தெரியுமா. பதுளை ஃபில்டருக்குள்ள வாற துண்டுகள் ஏறக்கொறய 41,000. ஃபில்டர் இருக்கிறப்ப லூசீனும் சரி, அதப் பாத்து எழுதுன நீங்களும் சரி, ஒரு எல்ல வைக்கிறீங்க. செக்மென்ட்டுல ஃபில்டருக்குள்ள எத்தன ஆவணம் இருக்கோ ஏறத்தாழ அத்தன வெக்டர் வரைக்கும்தான் கிராஃப்ல நடக்கலாம், அதத் தாண்டுனா கிராஃப விட்டுட்டு ஃபில்டருக்குள்ள இருக்கிறத ஒண்ணு விடாம நேராப் பாத்துர்றது. யோசன நல்லதுதான். ஆனா எங்க கேள்விக்கு என்ன நடந்துச்சுன்னா, கிராஃப் ஃபில்டருக்கு வெளிய உள்ள ஆவணங்களையும் தொட்டுத் தொட்டுத்தான் நடக்குது, நடந்து நடந்து எல்லையில முட்டி, போன வேலைய குப்பையில போட்டுட்டு, திரும்ப மொதல்ல இருந்து 41,000த்தையும் ஒண்ணொண்ணாப் படிக்குது. மலை உச்சி வரைக்கும் ஏறி, கூடைய கவுத்துட்டு, திரும்பக் கீழ வந்து ஏறுன கத.

எங்க சேர்வர் ஒரு பழைய கொம்பியூட்டர், 4 ஜிபி ரேம், சுத்துற டிஸ்க். வெக்டருக்கு 768 எண், எண்ணுக்கு 4 பைட், அப்ப ஒரு வெக்டர் 3,072 பைட். மூணு லட்சத்துக்கு 920 எம்பி கிட்ட. 41,000த்துக்கு மட்டும் 126 எம்பி, அதுவும் வரிசையா இல்ல, அங்கொண்ணும் இங்கொண்ணுமா டிஸ்க்ல குதிச்சுக் குதிச்சு வாசிக்கணும். அன்னைக்குக் காலையில கரண்ட் வெட்டி சேர்வர் திரும்ப எழும்பி இருந்துச்சு, ரேம்ல ஒண்ணுமே சூடா இல்ல. ஒன்பது செக்கன் வராம என்ன வரும்.

நோய் தெரிஞ்சதும் மருந்து லேசு. எண்ணுக்கு 4 பைட்டுக்குப் பதிலா 1 பைட் ஆக்கிக் கணக்குப் பாத்தோம், 920 எம்பி இருந்த எடத்துல 230 கிட்ட வந்துருச்சு, அது ரேம்லயே தங்கிக்கும். செக்மென்ட்டுகள கொறச்சோம். மாவட்ட ஃபில்டர் வந்தா கிராஃப் பக்கமே போகாம நேரா எண்ணச் சொன்னோம். இப்ப அதே பதுளைக் கேள்வி அரைச் செக்கனுக்குள்ள வருது. உங்க எஞ்சின்ல ஒரு கோளாறும் இல்ல அண்ணே, எங்களுக்குத் தெரிய வேண்டியிருந்தது ஒரே ஒரு நம்பர்.

பொறகு உங்க புதுப் பதிப்பு வந்துச்சு. எங்க கொப்பி ஒடஞ்சுச்சு. திரும்பக் கொப்பி, திரும்ப நாலு வரி, திரும்ப டெஸ்ட். அதுக்கு அடுத்த பதிப்பு, திரும்ப. போன தடவை எங்க தங்கச்சி ஒருத்தி ரெண்டு ராத்திரி முழிச்சிருந்து இதப் பாத்தா, அந்த ரெண்டு ராத்திரியில ஒரு தாத்தாவோட பேச்ச எழுத்தாக்கியிருக்கலாம். இதுதான் என் கோவம், மறைக்கல.

நீங்க சொல்லக்கூடிய பதில்கள் எனக்குத் தெரியும், பாதி நியாயமும் தெரியும்.

"தொறந்தா பொறகு மூட முடியாது, காலத்துக்கும் கட்டிக் காக்கணும்." இது உண்மையான பயம், நானும் கோட் எழுதுறவன்தான். ஆனா லூசீன்ல இதுக்கும் ஒரு வழக்கம் இருக்கு, நிலையில்லாததுக்கு எக்ஸ்பெரிமென்டல்னு ஒரு அடையாளம் போட்டு வைப்பாங்க, அடுத்த பதிப்புல மாறலாம், மாறுனா எங்களக் கேக்காதீங்கன்னு அர்த்தம். 1999ல ஒருத்தர், டக் கட்டிங், எழுத ஆரம்பிச்சது, 2001ல அப்பாச்சிக்குப் போயி இன்னைக்கு எவ்வளவோ பேரு கை வச்சும் நிக்குது, அவங்களே அப்படித்தான் சமாளிக்கிறாங்க. நீங்களும் அதையே போடுங்க, மாறுனா நாங்க நாலு வரிய மாத்திக்கிறோம். அறுநூறு வரிய மாத்துறதுக்கு நாலு எவ்வளவோ மேல்.

"வேகம் கொறயும்." இதுல நீங்க எந்த எடத்துல தொறக்கிறீங்கங்கிறதப் பொறுத்திருக்கு. ஒவ்வொரு வெக்டர தொடுறப்பவும் எங்க கோட கூப்பிடுற மாதிரி, ரிசல்ட்ட சேக்குற கலெக்டர்ங்கிற கோட சுத்தி இன்னொரு உறை போட்டா, ஆமா, கேள்விக்கு ஆயிரக்கணக்குல கூப்பிடும், அது ஓயாம ஓடுற சூடான பாத, அங்க நானே கை வைக்க மாட்டேன். நான் கேக்கிறது கலக்குற எடத்துல. கேள்விக்கு ஒரே ஒரு தடவ. செக்மென்ட்டுகள பல திரெட் (ஒரே நேரத்துல ஓடுற வேலைகள்) தேடுனாலும் கலக்குறது எல்லாம் முடிஞ்ச பொறகுதான் நடக்குது, அதனால பூட்டுக்கீட்டு ஒண்ணும் தேவப்படாது.

ஆனா, இது நேர்மையாச் சொல்ல வேண்டியது, கலக்குற எடம் மட்டும் தொறந்தா எங்க பதுளைக் கேள்விய நாங்க பிடிச்சிருக்க மாட்டோம். ஏன்னா கிராஃப விட்டு நேர் எண்ணத்துக்கு மாறுறப்ப, கிராஃப்ல வீணா நடந்த நடைய யாரும் கூட்டி வைக்கிறதில்ல, கடைசியா நேரா எண்ணுன 41,000 மட்டும்தான் டோட்டல் ஹிட்ஸ்ல வரும். அரை உண்மை. அதனால ரெண்டாவது கதவும் வேணும், கிராஃப் தேடல் மெதட்டும் நேர்த் தேடல் மெதட்டும். லூசீன்ல அந்த ரெண்டும் புரொடெக்டட்தான், நேர்த் தேடலுக்கு மேல ஒரு குறிப்பே எழுதி வச்சிருக்காங்க, எந்த வழியில தேடுச்சுன்னு டெஸ்ட்டுல சரிபாக்கிறதுக்காக இத தொறந்து விட்டிருக்கோம்னு. அங்க அவங்க டெஸ்ட்டுக்குத் தேவப்பட்டது இங்க எங்க பள்ளிக்கூடத்துக்குத் தேவப்படுது, அவ்வளவுதான். இந்த ரெண்டும் செக்மென்ட்டுக்கு செக்மென்ட் வேற வேற திரெட்ல ஓடும், அங்க எண்ணுறவன் ஜாக்கிரதையா எண்ணணும், அது எங்க பொறுப்பு, விளக்கக் குறிப்புல ஒரு வரி எழுதி எச்சரிச்சிட்டா போதும்.

"அப்ப நாங்களே எண்ணிக்கைய புரொஃபைலர்ல காட்டிர்றோம், நீங்க உள்ள வர வேணாம்"னு ஒரு அக்கா தனியா எழுதியிருந்தீங்க. நல்ல மனசு, நன்றி. ஆனா அது போதாதுக்கா. இன்னைக்கு எனக்கு எண்ணிக்க வேணும், நாளைக்கு எந்த மாவட்டத்துக்கு எத்தன தடவ கிராஃப் தோத்துச்சுன்னு வேணும், வேற யாருக்கோ டிஸ்க்ல இருந்து வந்தது எவ்வளவுன்னு வேணும். ஒவ்வொண்ணுக்கும் உங்களுக்கு மனு எழுதிக் காத்திருக்க ஏலாது. மனு எழுதியே எங்க ஆக்களுக்கு வயசு போயிருச்சு. கதவ தொறந்து விட்டா அவனவன் தன் தேவைய தானே எண்ணிக்குவான். புரொஃபைலர்லயும் காட்டுங்க, வேணாம்ங்கல, ஆனா அத பதிலா வைக்காதீங்க.

ஒரு விஷயத்துல நான் உங்க பக்கம். எண்ணிக்கைய கேள்வி ஒப்ஜெக்ட்டுக்குள்ளயே சேத்து வைக்கக் கூடாது, ஒரே ஒப்ஜெக்ட்ட ரெண்டு தேடலுக்குப் பாவிச்சா ஒண்ணோட கணக்கு இன்னொண்ணுல ஏறிரும், ரிசல்ட்ட ஞாபகம் வச்சுக்க கேஷ் போடுறப்ப வேற ரெண்டு கேள்வி சமமா இல்லையான்னு கொழப்பம். நாங்க மொதல்ல அந்தத் தப்பத்தான் செஞ்சோம், பண்டாரவளைக்குத் தேடுனா முந்தித் தேடுன பதுளைக் கணக்கும் சேந்து வந்துச்சு, ஒரு கெழம தலைய பிச்சிக்கிட்டோம். அதனால எண்ணுறவர வெளிய இருந்து குடுக்கிற மாதிரி இருக்கட்டும், தேடலுக்கு ஒரு ஆளு.

ஆக நான் கேக்கிறது கிளாஸ்ல இருக்கிற ஃபைனல எடுக்கிறதும், மூணு மெதட்ட பிரைவேட்ல இருந்து புரொடெக்டட் ஆக்கிறதும், மேல எக்ஸ்பெரிமென்டல்னு ஒரு அடையாளமும்தான். உங்க தேடல் நடக்கிற விதத்துல ஒரு புள்ளி கூட மாறாது.

இந்த மாத்தத்த செய்யுற பேட்ச எழுதி வச்சிருக்கேன். மூணு டெஸ்ட்டும் இருக்கு, ஒண்ணு ஃபில்டர் இல்லாம, ஒண்ணு கிராஃப்லயே முடியுற ஃபில்டர், ஒண்ணு எல்லையில முட்டித் திரும்புற ஃபில்டர், மூணாவதுக்கு "பதுளை"ன்னுதான் பேர் வச்சிருக்கேன், பேரு பிடிக்கலன்னா மாத்திக்கோங்க. இந்த வெள்ளிக்கிழம ராத்திரி அனுப்புறேன், இங்க மழையில லைன் அறுந்தா சனிக்கிழம. மூடுறதா இருந்தாலும் மூடுங்க, ஆனா இந்த தடவை ஒத்த வரி வேணாம், எந்த மெதட்ட தொறந்தா எது ஒடையும்னு எழுதுங்க, அந்த எடத்த நான் திருத்தி அனுப்புறேன்.

அந்தப் பள்ளிக்கூடத்துக்கு அடுத்த மாசம் திரும்பப் போறோம். அந்தப் புள்ளையோட அம்மம்மா பேசுன பதிவு ஒண்ணு இருக்கு, போன தடவை வட்டம் சுத்துனதுல கடைசி வரைக்கும் போட்டுக் காட்ட முடியல.

இப்படிக்கு,
உங்க லைப்ரரிய இன்னும் விடாமப் பாவிக்கிற ஒரு ஹட்டன்காரன்